பரணில் கிடக்கும் துப்பு: பழைய குடும்ப ரகசியத்தை வைத்து மர்மக் கதை எழுதும் முறை

இரத்தம் சிந்தாத மர்மக் கதைகளைத் தமிழில் எழுத விரும்புவோர் பலரும் முதலில் துப்பறிபவரைப் படைத்துவிட்டு, அவருக்கு ஏற்ற குற்றத்தைப் பிறகு தேடுகிறார்கள். குடும்ப ரகசியத்தை மையமாகக் கொண்ட கதைக்கு இந்த வரிசை ஒத்துவராது. ரகசியம் எந்த ஆண்டில் பிறந்தது, அன்று அதை மறைப்பதற்கு என்ன நியாயம் இருந்தது, இன்று அது வெளிப்பட்டால் யாருக்கு என்ன நேரும் என்ற மூன்றையும் முடிவு செய்த பின்னரே மற்றவற்றைத் தொட வேண்டும். மறைத்தவர்கள் தங்கள் காலத்தில் அறிவோடும் அன்போடும் நடந்துகொண்டவர்களாகத் தெரியாவிட்டால், கடைசி அத்தியாயத்தில் ரகசியம் உடையும்போது வாசகருக்கு எதுவும் தோன்றாது.

எடுத்துக்காட்டாக ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் நகரம் அவர்கள் கைக்குப் போனது. அந்த மாதங்களில் லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தார்கள், வழியில் காலராவுக்குப் பலர் பலியானார்கள். சிவகங்கைப் பக்கத்திலிருந்து ரங்கூனுக்குப் பிழைக்கப் போன ஓர் இளைஞர், உடன் நடந்துவந்த நண்பரும் அவர் மனைவியும் வழியிலேயே இறந்துவிட, அவர்களுடைய கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்கிறார். அந்த ஆண்டே அவருக்குத் திருமணம் நடக்கிறது. புது மனைவி அந்தப் பெண் குழந்தையைத் தன் குழந்தையாக ஏற்கிறாள். மறு ஆண்டு இருவரும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்து கடை வைக்கிறார்கள், வீடு வாங்குகிறார்கள், மேலும் மூன்று பிள்ளைகள் பிறக்கிறார்கள். மூத்தவள் எப்படி வந்தாள் என்பது அந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

இதை மறைக்க வேண்டிய காரணம் அன்றைய சட்டத்திலேயே இருக்கிறது. பெண் குழந்தையைத் தத்தெடுப்பதைப் பழைய இந்து சட்டம் பொதுவாக ஏற்கவில்லை; 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம்தான் அதற்கு வழி செய்தது. அதே ஆண்டு வந்த வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தனிச்சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அப்படியானால் தாத்தா உயில் எழுதாமல் இறந்து, 1994இல் பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போது, மூத்தவள் பெற்ற மகளா என்ற ஒரு கேள்வி அவளுடைய பங்கையே பறித்துவிடக்கூடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அன்பினால் மறைத்த செய்தி இன்று பணத்தோடு முட்டுகிறது. கதைக்கு வேண்டிய வெப்பம் இங்கேதான் கிடைக்கிறது, கொலை தேவையில்லை. ஆண்டை 1994 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு: பாட்டி உயிரோடு இருப்பார், யாரிடமும் கைபேசி இருக்காது.

அடுத்தது இன்றைய குற்றம். அது சிறியதாகவும் விசித்திரமானதாகவும் இருக்கட்டும். பாகப்பிரிவினைக்காகப் பரணிலிருந்து சாமான்களை இறக்கிப் பட்டியல் எழுதுகிறார்கள். மறுநாள் காலையில் ஒரு பொருளைக் காணவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கு இருக்கிறது, வெண்கல உருளிகள் இருக்கின்றன, நசுங்கிப்போன ஒரு பித்தளைச் செம்பு மட்டும் இல்லை. எடைக்குப் போட்டால்கூட பெரிதாக எதுவும் தேறாத செம்பை யார் எடுத்திருப்பார்கள்? விலையுள்ளதை விட்டுவிட்டு விலையற்றதை எடுத்த திருட்டு, வாசகரை முதல் அத்தியாயத்திலேயே உட்கார வைத்துவிடும்.

துப்பறிபவராக அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த பேரன் மனைவியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. பாத்திரங்களை எண்ணி எழுதும் வேலையைப் பெரியவர்கள் அவளிடம்தான் தள்ளுவார்கள். எந்தப் பாத்திரம் யாருடைய சீர் என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அவள் கேட்கும் கேள்விகள் யாருக்கும் சந்தேகத்தைத் தராது. அதே சமயம், கூடத்தில் ஆண்கள் பேசும்போது குறுக்கே நுழைந்து விசாரிக்க அவளால் முடியாது. போலீஸ்காரரைப் போல எல்லோரையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் மருமகளை எந்தத் தமிழ் வாசகரும் நம்பமாட்டார். அவளுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு செய்தியும் கீரை ஆய்கையில், வெற்றிலை இடித்துக் கொடுக்கையில், கால் அமுக்கிவிடுகையில் கிடைக்க வேண்டும். உறவுமுறைகளை முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் ‘அத்தை’ என்று கூப்பிடும் மூத்தவளை இவள் ‘பெரியம்மா’ என்பாள், மாமனாரின் தம்பி ‘சின்ன மாமா’, கணவனைப் போலவே பாட்டியை ‘அப்பத்தா’ என்றும் தாத்தாவை ‘ஐயா’ என்றும் சொல்வாள். ஓரிடத்தில் முறை தவறினாலும் வாசகர் கதையை விட்டு வெளியே வந்துவிடுவார்.

துப்புகளைப் பொறுத்தவரை, நம் வீடுகளே ஆவணக் காப்பகங்கள். சீராக வந்த பாத்திரங்களில் பெயரையும் முதலெழுத்தையும் புள்ளி புள்ளியாகக் கொத்தி வைப்பது வழக்கம். காணாமல் போன செம்பின் கழுத்தில் அந்த வீட்டில் யாருக்கும் பொருந்தாத இரண்டு எழுத்துகளும், அதன் கீழ் ‘ரங்கூன்’ என்ற ஊர்ப் பெயரும் இருந்ததாக வையுங்கள். பட்டியல் எழுதும்போது கதாநாயகி புளி போட்டுத் தேய்த்த பிறகே எழுத்துகள் தெரிகின்றன. முதல் எழுத்தை மட்டும் குறித்துக்கொள்கிறாள், அதற்குள் யாரோ அழைத்துவிடுகிறார்கள். அன்று மாலை அவள் கேட்கும்போது உரையாடல் இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்:

‘அப்பத்தா, அந்த நசுங்குன செம்பு யாரு கொண்டாந்த சீரு?’

‘சீரு இல்லத்தா. அது உங்க ஐயா கொண்டாந்தது. அங்கிட்டு எடுத்து வையி.’

பாட்டி பொய் சொல்லவில்லை. இந்த வகைக் கதையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுப்பாடு இதுதான்: ரகசியத்தைக் காப்பவர் வாய்விட்டுப் பொய் சொல்லக்கூடாது. முழுவதையும் சொல்லாமல் விடலாம், அவ்வளவே. இதே பாட்டி இரண்டாம் அத்தியாயத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்த கதையைச் சொல்லட்டும். ஐந்தாம் அத்தியாயத்தில், மூன்று பிரசவத்துக்கும் ஒரே மருத்துவச்சிதான் வந்தாள் என்று வேறு ஏதோ பேச்சின் நடுவே சொல்லட்டும். இரண்டுக்கும் இடையில் சமையல், சண்டை, மழை என்று இருபது பக்கங்கள் ஓடியிருக்க வேண்டும். கூர்ந்து படித்தவர் அங்கேயே நிமிர்ந்து உட்காருவார். படிக்காதவர் முடிவில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்து ஒப்புக்கொள்வார்.

அடுத்து ஆண்டுகள். பெரியவர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் ஆங்கிலத் தேதியைவிடத் தமிழ் வருடப் பெயரே மிகுதியாக இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒவ்வொரு பெயரும் திரும்ப வருவதால், சித்திரபானு என்றால் 1882இல் தொடங்கியதா, 1942இல் தொடங்கியதா, 2002இல் தொடங்கியதா என்பதை வேறு சான்றைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். நம் கதையில் தாத்தாவின் திருமண மொய் நோட்டு சித்திரபானு வருடம் ஆவணி மாதம் என்கிறது. தொகைகள் ரூபாய், அணாவில் எழுதப்பட்டுள்ளன. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசாவுக்கு மாறியது என்பதால் அது 2002 ஆக முடியாது, 1882இல் தாத்தா பிறந்திருக்கவே மாட்டார்; ஆக, அது 1942 என்பதில் ஐயமில்லை. மூத்த மகளின் பள்ளிச் சான்றிதழோ பிறந்த தேதி 1943 ஜூன் 1 என்கிறது. பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தை ஒட்டி ஒரு தேதியைப் போட்டுவிடும் பழக்கம் அந்தக் காலத்தில் பரவலாக இருந்தது என்பதால் யாரும் இதைப் பொருட்படுத்துவதில்லை; கணக்கும் பொருந்துகிறது.

பொருந்தாமல் நிற்பது ஜாதகம். வருடப் பெயர் இருந்த மேல் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கிறது, கார்த்திகை மாதம் என்பது மட்டும் மிச்சம், ஆனால் ராசிக்கட்டம் முழுதாக இருக்கிறது. குரு ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டும், சனி ஏறத்தாழ இரண்டரை ஆண்டும் எடுத்துக்கொள்ளும் என்பது பஞ்சாங்கம் பார்க்கும் எவருக்கும் தெரியும். கட்டத்தில் குரு ரிஷபத்தில் இருக்கிறது. 1941 கார்த்திகையில் குரு ரிஷபத்தில்தான் இருந்தது. 1943 ஜூன் மாதத்தில் அது ரிஷபத்தை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆக, குழந்தை பிறந்தது விஷு வருடம் கார்த்திகையில், அதாவது திருமணத்துக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே. ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் இந்தச் சான்றை ஒன்றுபோல ஏற்க முடியும், ஏனென்றால் இங்கே பேசுவது பலன் அல்ல, வானக் கணக்கு. ஊர் ஜோசியர் ஒருவரைக் கொண்டு இதை விளக்கினால் அழகாக அமையும். நீங்கள் வேறு ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்தே கிரக நிலையை எழுதுங்கள்.

பழைய கடிதம் ஒன்றைச் சேர்ப்பதாக இருந்தால் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள். ணை, லை, னை போன்ற எழுத்துகளின் இன்றைய வடிவத்தைத் தமிழக அரசு 1978இல்தான் ஏற்றது. நாற்பதுகளின் கடிதத்தில் புது வடிவம் இருந்தால் போலி என்று ஐயுறலாம். ஆனால் பெரியார் 1935இலேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார், ஆகையால் கடிதம் எழுதியவர் சுயமரியாதை இயக்கத்தவராக இருந்தால் அந்த ஐயம் தவறாகிவிடும். திசைதிருப்பும் துப்பு ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

சார்பதிவாளர் அலுவலகக் காட்சியைச் சட்டம் அறிந்து எழுதுங்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதியப்படும் 1ஆம் புத்தகத்தைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்வையிடலாம். உயில்களும் தத்தெடுக்க அளிக்கும் அதிகாரப் பத்திரங்களும் இருக்கும் 3ஆம் புத்தகம் அப்படியல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பிறருக்கு நகல் கிடைக்காது. எனவே கதாநாயகி வீட்டின் கிரயப் பத்திரத்தை எளிதாகப் பார்த்துவிடுவாள். தாத்தா இறந்துவிட்டதால் அவர் பெயரில் உயில் உண்டா என்று தேடிச் சொல்லும்படி பதிவு அலுவலரிடம் விண்ணப்பிக்கவும் அவளால் முடியும்; 3ஆம் புத்தகத்தில் தேடும் வேலையை அவர் மட்டுமே செய்வார். உயில் இல்லை என்று தெரியவரும் அந்த இடம்தான் மூத்த மகளின் நிலை எவ்வளவு ஆபத்தானது என்பதை வாசகருக்குச் சொல்லும்.

செம்பை எடுத்தவர் யார்? பேராசைக்காரராகத் தோன்றும் மூத்த மகன் மீதும், பழைய பித்தளை வாங்க வந்த வியாபாரி மீதும் சந்தேகம் படியட்டும். எடுத்தவர் சின்ன மாமாவாக இருக்கட்டும். சிறு வயதில் தாய் சொல்லி அவருக்கு மட்டும் உண்மை தெரியும். பட்டியலில் ‘ரங்கூன்’ என்ற சொல் ஏறினால் அண்ணன் கேள்வி கேட்பார் என்று அஞ்சி, செம்பை நெல் குதிருக்குள் ஒளித்துவிடுகிறார். குதிரில் அளக்கும் வேலையும் பேரன் மனைவியுடையதே என்பதால் அது அவள் கையில் சிக்குவது தற்செயலாகத் தோன்றாது.

உண்மை வெளிப்படும் காட்சியில் எல்லோரையும் கூடத்தில் கூட்ட வேண்டாம். அவள் செம்பைக் கொண்டுபோய் அப்பத்தாவின் முன் வைக்கட்டும், பேச வேண்டியதை அப்பத்தா பேசட்டும். அதன் பிறகு சட்டச் சிக்கலைத் தீர்க்காமல் கதையை முடிக்காதீர்கள். தம்பிகள் இருவரும், தங்கையும், தாயும் சேர்ந்து மூத்தவளுக்கு ஒரு பங்கைத் தானசெட்டில்மென்டாக, அதாவது விலை வாங்காத கொடைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தால், அவள் யார் வயிற்றில் பிறந்தாள் என்ற கேள்வியே எழாது. மூத்த மகன் கையெழுத்திடத் தயங்கும் ஒரு பக்கத்தை அங்கே கட்டாயம் வைக்க வேண்டும். முதல் பிரதி முடிந்ததும் ஒவ்வொரு துப்பும் எந்த அத்தியாயத்தில் முதன்முதலாகத் தெரிகிறது என்று குறித்து, விடைக்குத் தேவையான எதுவும் கடைசி மூன்று அத்தியாயங்களில் புதிதாக வரவில்லை என்பதை உறுதி செய்த பின்னரே அடுத்த பிரதியைத் தொடங்குங்கள்.