சந்தா கட்டுவதற்கு முன்னால் நூலக அட்டையை எடுங்கள்

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் முட்டி நிற்கிற இடம் இது: கொள்ளுத்தாத்தாவின் பெயர் கண்ணெதிரே தெரியும், பதிவைத் திறக்கப் போனால் சந்தா கேட்கும். உடனே கட்டிவிடாதீர்கள். பழைய பதிவுகளைத் தேடித் தரும் சந்தாத் தளங்களான ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட், மைஹெரிடேஜ் மூன்றுமே நூலகங்களுக்கென்று தனிப் பதிப்பு வைத்திருக்கின்றன. நூலகம் அதற்குப் பணம் கட்டியிருந்தால் உங்களுக்குச் செலவே இல்லை.

முதலில் உங்கள் நூலகத்தின் இணையதளத்தில் தரவுத்தளங்கள் அல்லது மின்வளங்கள் என்ற பக்கத்தைப் பாருங்கள், இல்லையென்றால் நூலகரிடமே கேட்டுவிடுங்கள். நிறையப் பேர் தவறுவது அடுத்த படியில்தான். நேராக ஆன்செஸ்ட்ரியின் முகப்புக்குப் போய் நூலக அட்டை எண்ணைப் போட்டால் வேலை செய்யாது, நூலகப் பக்கத்தில் இருக்கும் இணைப்பு வழியாகத்தான் நுழைய வேண்டும்.

வீட்டிலிருந்தே பார்க்க முடியுமா என்பது தளத்தைப் பொறுத்தது. மைஹெரிடேஜ், அதே போன்ற இன்னொரு தளமான ஹெரிடேஜ்குவெஸ்ட் இரண்டையும் பல நூலகங்கள் அட்டை எண்ணும் ரகசிய எண்ணும் (PIN) இருந்தால் வீட்டிலேயே திறக்க விடுகின்றன. ஆன்செஸ்ட்ரியின் நூலகப் பதிப்பு பெரும்பாலும் நூலகத்துக்குள்தான் கிடைக்கும். அந்தப் பதிப்பில் உங்கள் வம்சாவளி மரத்தைக் கட்டி வைக்க முடியாது, தேடலாம், பதிவின் படத்தை மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கணினி நேரம் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதால் யாரை, எந்த ஊரில், எந்த ஆண்டை ஒட்டித் தேடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரின் எழுத்துக்கூட்டல்தான் பெரிய தலைவலி. பதிவெழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், பின்னால் அதைப் படித்துக் கணினியில் ஏற்றியவர் இன்னொரு விதமாகப் படித்திருப்பார். ஸ்மித் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் மூன்றாவது எழுத்து i ஆகவும் இருக்கலாம், y ஆகவும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தேடினால் இரண்டும் சேர்ந்து வரும். எத்தனை எழுத்து மாறும் என்று தெரியாவிட்டால் நட்சத்திரக் குறி போடுங்கள். அப்புறம், தட்டச்சு செய்த சுருக்கத்தோடு நிற்காமல் அசல் பக்கத்தின் படத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பக்கத்து வீட்டு வரிசையிலேயே சித்தப்பா குடும்பம் இருக்கும், தேடல் முடிவில் அது தெரியவே தெரியாது.

ஃபேமிலிசர்ச் என்ற பதிவுத் தளம் எல்லோருக்கும் இலவசம். ஆனால் அதிலும் சில பதிவுகளில் கேமரா சின்னத்துக்கு மேல் ஒரு சாவிச் சின்னம் இருக்கும், வீட்டிலிருந்து திறக்காது. அவற்றில் பலவற்றை ஃபேமிலிசர்ச்சோடு இணைந்த நூலகங்களில் உட்கார்ந்து பார்க்கலாம், எவை எவை என்ற பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. சாவி போட்ட பதிவுகளின் இணைப்புகளை வீட்டிலேயே சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.