பச்சைத் தண்ணீர்க் குளியல்: எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை

பச்சைத் தண்ணீரில் குளிக்கத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன. எவ்வளவு குளிரைத் தாங்குகிறோமோ அவ்வளவு பலன் என்று எண்ணிவிடுகிறார்கள். நேற்று ஒரு நிமிடம் நின்றால் இன்று மூன்று நிமிடம், அடுத்து ஐஸ் கட்டி என்று அளவு ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு ஆதாரம் கிடையாது.

நெதர்லாந்தில் 3,018 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. வழக்கம்போல் வெந்நீரில் குளித்துவிட்டு, முடிக்கும்போது ஒரு குழு 30 விநாடி, இன்னொன்று 60 விநாடி, மற்றொன்று 90 விநாடி குளிர்ந்த தண்ணீரில் நின்றது. 30 நாள் இப்படி. நான்காவது குழுவுக்கு வெந்நீர் மட்டும்தான். உடம்பு சரியில்லை என்று வேலைக்கு லீவு போடுவது குளிர்ந்த தண்ணீர்க் குழுக்களில் 29 சதவீதம் குறைந்தது. 30 விநாடி நின்றவர்களுக்குக் கிடைத்ததைவிட 90 விநாடி நின்றவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் பலரும் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. உடம்பு முடியாமல் போன நாட்களின் எண்ணிக்கை குறையவில்லை. அப்படியிருந்தும் வேலைக்குப் போக முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே, தினமும் பச்சைத் தண்ணீரில் குளித்தால் சளியே பிடிக்காது என்று இந்த ஆய்வைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். அதில் கலந்துகொண்டவர்கள் பெரிய நோய் எதுவும் இல்லாதவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை நிமிடம்

மிகவும் ஆபத்தான தவறு, குழாயை முழுக் குளிரில் திறந்துவிட்டு நேராகத் தலையை நீட்டுவது. தோல் சட்டென்று குளிரும்போது நாம் கேட்காமலே உடம்பு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. அடுத்து மூச்சு இரைக்கிறது. தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றாக ஏறுகின்றன. முதல் அரை நிமிடத்தில் இது உச்சத்துக்குப் போய், ஓரிரு நிமிடங்களில் தணிகிறது. இது தன்னிச்சையாக நடப்பது. மன உறுதி உள்ளவருக்கும் வரும், நல்ல நீச்சல்காரருக்கும் வரும்.

இங்கேதான் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிக்கிறார்கள். அது வேண்டாம். முகம் குளிர்ந்த நீரில் நனையும்போது மூச்சையும் பிடித்துக்கொண்டால் இதயத்தை மெதுவாகத் துடிக்கச் சொல்லும் கட்டளை போகிறது. தோலில் பட்ட குளிரோ வேகமாகத் துடிக்கச் சொல்கிறது. முகத்தோடு தண்ணீரில் மூழ்கும்போது இந்த இழுபறி கடுமையாக இருக்கும். இதயத் துடிப்பில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு இது விபரீதமாகலாம்.

உடம்பைப் பழக்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் உடலியல் ஆய்வாளர் மைக் டிப்டன் பல ஆண்டுகளாக இந்த அதிர்ச்சியை ஆராய்ந்து வருகிறார். சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை குளிர்ந்த நீரில் இறங்கினாலே அது ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று தெரியவந்திருக்கிறது. எனவே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து முடியுங்கள். பிறகு குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ப் பக்கம் திருப்புங்கள். முதலில் பாதம், அப்புறம் முழங்கால், கைகள், தோள், முதுகு. நெஞ்சில் தண்ணீர் படும்போது மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். தலையும் முகமும் கடைசியில். மூச்சு சீராகிவிட்டதா என்பதைக் கவனித்தால் போதும், கடிகாரம் தேவையில்லை.

குளிப்பதற்கு முன்போ குளிக்கும்போதோ வேகவேகமாக மூச்சு வாங்கும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சு விட வேண்டும் என்ற உந்துதலே மங்கிப்போய் மயக்கம் வரலாம். ஈரத் தரையில் விழுந்தால் மண்டை உடையும். தொட்டியில் என்றால் உயிரே போய்விடும்.

யாருக்கு வேண்டாம்

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. குளிர் காற்றில் மூச்சிரைக்கும் ஆஸ்துமாக்காரர்களும் கர்ப்பிணிகளும் அப்படியே. குளிர் பட்டால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட் பாதிப்பு உள்ளவர்களுக்கு இது வேதனையைத்தான் கூட்டும்.

குளிர் பட்ட இடத்தில் தடித்து அரிப்பெடுக்கிறதா? அது குளிர் ஒவ்வாமையாக இருக்கலாம். போகப் போகப் பழகிவிடும் என்று தாங்கிக்கொள்வதுதான் இதில் பெரிய தவறு. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழும் அளவுக்குப் போகலாம்.

எங்கோ கிடைத்த எண்களை ஷவருக்குப் பொருத்துவது

குளிர்ந்த நீரால் உற்சாகத்தோடும் விழிப்போடும் தொடர்புள்ள உடல் வேதிப்பொருட்களான டோபமின் 250 சதவீதம் கூடும், நார்அட்ரினலின் 530 சதவீதம் கூடும் என்று அடிக்கடி படித்திருப்பீர்கள். 2000இல் வெளியான ஆய்வில் வந்த எண்கள் அவை. அதில் பங்கேற்ற இளைஞர்கள் 14 டிகிரி தண்ணீரில் கழுத்து வரை ஒரு மணி நேரம் இருந்தார்கள். உங்கள் ஒரு நிமிடக் குளியலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. குளித்ததும் வரும் சுறுசுறுப்பு உண்மைதான், அதை அனுபவியுங்கள். அதற்கு இந்த எண்கள் தேவையில்லை.

மனச்சோர்வுக்கு மருந்து என்ற பேச்சு இன்னும் கவலை தருகிறது. இதற்குக் காட்டப்படும் 2008 கட்டுரை ஒரு கருதுகோளை முன்வைத்தது. நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து நிரூபித்தது அல்ல. அதில் சொன்ன முறையும் மிதமானதே: 20 டிகிரி தண்ணீர், இரண்டு மூன்று நிமிடம், அதற்கு முன் ஐந்து நிமிடம் படிப்படியாகக் குளிரைக் கூட்டுவது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

தசை வளர எடை தூக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி முடிந்தவுடன் 10 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தவர்களுக்கு, 12 வார முடிவில் தசை வளர்ச்சியும் பலமும் மற்றவர்களைவிடக் குறைவாகவே கூடியிருந்ததை 2015 ஆய்வு காட்டியது. ஷவர் அந்த அளவுக்குக் கடுமையானதல்ல. இருந்தாலும், பயிற்சிக்கும் குளிருக்கும் இடையே சில மணி நேரம் விடுவது நல்லது என்பது என் கருத்து.

துவட்டி, உடை மாற்றிய பிறகும் நடுக்கம் நிற்கவில்லையென்றால் அடுத்த நாள் நேரத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலி, தலைசுற்றல், துடிப்பு தாறுமாறாக ஓடும் உணர்வு, அடங்காத மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் குழாயை மூடிவிட்டு உட்காருங்கள், வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். வலியோ திணறலோ நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.