மந்தக் காலத்தில் விமானி வேலையும் சங்கமும்

சீனியாரிட்டி முறை உள்ள விமான நிறுவனங்களில் ஆட்குறைப்பு, விமானிகள் சேர்ந்த தேதிப்படி அமைந்த பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்கும். ஆகவே ஆஃபர் வந்ததும் சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: அந்தப் பட்டியலில் என் எண் என்ன, அடுத்த ஐந்தாண்டில் ஓய்வு பெறுவோர் எத்தனை பேர்? ஓய்வு வயது மாறினால் இந்தக் கணக்கே கவிழும். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் அது 60-லிருந்து 65 ஆனது. அடுத்த ஆண்டே மந்தமும் சேர்ந்துகொள்ள, பல நிறுவனங்களில் பதவி உயர்வுகள் அப்படியே நின்றன.

டிரெயினிங் பாண்டில் (முன்கூட்டியே விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தரும் ஒப்பந்தம்) ஒரு வரியைத் தேடுங்கள்: நிறுவனமே அனுப்பினால் தொகை ரத்து. இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். சும்மா இருக்கும் மாதங்களில் மெடிக்கலை, அதாவது மருத்துவத் தகுதிச் சான்றிதழை, காலாவதியாக விடாதீர்கள். பறந்த மணிநேரங்களைப் பதியும் லாக்புக்கின் கூட்டலையும் சரிபாருங்கள். இன்டர்வியூவில் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

சங்கம் அமைக்க முதலில் தளவாரியாக, விமான ரகவாரியாகப் பெயர்ப் பட்டியல் போடுங்கள். கேப்டன்கள் மட்டும் கூடினால் கோ-பைலட்டுகள் நம்பமாட்டார்கள், நியாயம்தான். கம்பெனி மெயிலிலும் காக்பிட்டிலும் இந்தப் பேச்சே வேண்டாம். சங்கத்துக்கு ஆதரவாக, சட்டம் கேட்பதைவிடக் கணிசமாக அதிகக் கையெழுத்து வாங்குங்கள். சங்கம் வேண்டுமா என்ற வாக்கெடுப்புக்குள் சிலர் வேலையை விட்டு விலகுவார்கள், சிலர் பின்வாங்குவார்கள்.

மந்தத்தில் ஊதிய உயர்வு கேட்பது வீண். வேலை போனவர்கள் சீனியாரிட்டி வரிசையில் திரும்ப அழைக்கப்படும் உரிமை, சம்பள வெட்டுக்கு முடிவுத் தேதி: இவ்விரண்டையும் விடாதீர்கள். தேதியில்லாத வெட்டு நிரந்தரமாகிவிடும்.