மெய்நிகர் சாதனங்களின் குறுக்கீட்டு அமைப்பில் அசர்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடிப் பக்கத்துக் கல்லூரிகளில் மெய்நிகர் கணினிகளை இயக்கும் க்யூஎமு (QEMU) மென்பொருளுக்குச் சொந்தமாக ஒரு மெய்நிகர் சாதனம் எழுதிப் பார்க்கும் மாணவர்களின் நிரல்களில், குறுக்கீட்டை (சாதனம் செயலியின் கவனத்தைக் கோரி அனுப்பும் அறிவிப்பை) ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு அழைப்பையும் அசர்ட்டுக்குள் வைக்கும் பழக்கத்தைக் காண்கிறேன். அசர்ட் (assert), அதாவது நிபந்தனை பொய்த்தால் நிரலையே நிறுத்திவிடும் சோதனை, நம் நிரலைப் பற்றி நாமே உறுதியாக அறிந்ததைப் பதிந்து வைக்கும் இடமே அன்றி, வெளியிலிருந்து வரும் மதிப்பைச் சோதிக்கும் இடமன்று.

இவற்றுள் மிகக் கேடானது, கெஸ்ட் (மெய்நிகர் கணினிக்குள் ஓடும் இயங்குதளம்) எழுதும் வெக்டர் எண்ணை, அதாவது எந்தக் குறுக்கீடு என்று குறிக்கும் எண்ணை, அசர்ட்டால் சோதிப்பதாகும். பிசிஐ சாதனங்கள் குறுக்கீடு அனுப்பும் முறையான எம்எஸ்ஐ-எக்ஸின் (MSI-X) அட்டவணையில் அதிக அளவாக 2048 வெக்டர்கள் இருக்கலாம். நம் சாதனம் நான்கே வைத்திருக்கலாம். ஆனால் கெஸ்ட் டிரைவர் வெக்டர் எண்ணுக்கான 16 பிட் பதிவகத்தில் எந்த எண்ணையும் எழுத முடியும். எல்லை மீறிய ஓர் எண் வந்தால் அசர்ட் க்யூஎமு செயல்முறையையே நிறுத்திவிடுவதால், மெய்நிகர் கணினி முழுவதும் அந்த நொடியே விழுகிறது. இது பாதுகாப்புக் குறைபாடாகவே கருதப்படுகிறது. மென்பொருள் பலவீனங்களை வகைப்படுத்தும் சிடபிள்யூஇ (CWE) பட்டியலில் இதற்கு 617 என்னும் எண் உண்டு. மெய்நிகர் சாதனங்களுக்கான விர்ட்டியோ (virtio) விதிமுறையோ இதற்கு முன்பே வழி வகுத்திருக்கிறது: வெக்டரை ஒதுக்க இயலாதபோது சாதனம் 65535 என்னும் மதிப்பைத் திருப்பிக் காட்ட வேண்டும், டிரைவரும் அதைப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

அடுத்தது, ஹோஸ்டின் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் உண்மைக் கணினியின்) பற்றாக்குறையை நிரல் பிழையாகக் கொள்வது. லினக்ஸ் கருவகத்தின் மெய்நிகராக்கப் பகுதியான கேவிஎம்மிடம் (KVM), குறுக்கீட்டை நேரடியாகக் கெஸ்டுக்குச் சேர்க்கும் ஐஆர்க்யூஎஃப்டியை (irqfd) கேட்கும்போது நினைவகமோ, திறந்த கோப்புகளின் வரம்போ தீர்ந்திருக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் புதிய சாதனத்தை இணைக்கையில் இதற்காக அசர்ட்டில் விழுவது, ஒரு வண்டிக்கு நடைமேடை கிடைக்கவில்லை என்று காட்பாடிச் சந்திப்பையே மூடுவதற்கு ஒப்பாகும். பிழையைத் திருப்பி அனுப்புங்கள். சாதனத்தின் தரவு வரிசைகளில் (queue) மூன்றாவதற்கான ஏற்பாடு தோற்றால், முதல் இரண்டுக்கும் ஏற்பாடு செய்தவற்றை விடுவித்த பிறகே அனுப்புங்கள். இந்த விடுவிப்பைத்தான் பலரும் மறக்கிறார்கள். மெய்நிகர் கணினியை வேறொரு ஹோஸ்டுக்கு மாற்றும் இடம்பெயர்ப்பின்போது வந்து சேரும் நிலைத் தரவையும் இவ்வாறே நம்பாமல் சோதிக்க வேண்டும்.

வேலை செய்யும் அழைப்பையே அசர்ட்டின் உள்ளே எழுதுவதும் தவறு. அசர்ட்டுகளை நீக்கிவிடும் என்டீபக் (NDEBUG) என்னும் மேக்ரோ வரையறுக்கப்பட்டால் அந்த அழைப்பு தொகுப்பிலிருந்தே மறைந்துவிடும். க்யூஎமு அவ்வாறு தொகுக்க மறுக்கிறது என்றாலும், அதே நிரலை வேறொரு திட்டத்துக்கு எடுத்துச் சென்றால், சாதனம் கண்ணுக்குத் தெரிந்தும் குறுக்கீடு மட்டும் வராத நிலை ஏற்படும். அழைப்பின் விளைவை முதலில் ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்காக அசர்ட்டை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. க்யூஎமுவில் வெக்டரின் நிலை மாறும்போது அழைக்கப்படும் அறிவிப்புச் சார்புகளைப் பதியும் இடத்தில், அவை வெற்றுச் சுட்டிகளாக இல்லை என்பதை அசர்ட்டே காக்கிறது. அவற்றைத் தருவது சாதனத்தை எழுதியவரே, கெஸ்டால் அவற்றைத் தொட முடியாது.