மைக் பிடிக்கும் தம்பி தங்கைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர் என்று எங்கே தெருமுனைக் கூட்டம் போட்டாலும் இப்போது புதுப் பிள்ளைகள் முன்னுக்கு வந்து பேசுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் எங்கள் ஆட்கள் விழுந்த அதே பள்ளத்தில் இவர்களும் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. குடித்துவிட்டு மேடையேறாதே, கெட்ட வார்த்தை பேசாதே என்பதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"கமிஷன் வாங்கிட்டான்"

என்னால் பொறுக்கவே முடியாதது இதுதான். போன மழையில் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டிய மழைநீர் வடிகாலின் மூடி உள்வாங்கி, சாக்கடைத் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. கல்லூரிப் பையன் ஒருவன் அருமையாக வீடியோ எடுத்தான். உடைந்த மூடியின் ஓரத்தில் டேப் வைத்துக் கனத்தை அளந்து காட்டினான். துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் யாராலும் மறுத்துப் பேசியிருக்க முடியாது. கடைசியில் பொறியாளர் பெயரைச் சொல்லி, இத்தனை லட்சம் அடித்தார் என்று டீக்கடையில் கேட்ட தொகையையும் சேர்த்துவிட்டான். வக்கீல் நோட்டீஸ் வந்தது. வீட்டில் பயந்துபோய் வீடியோவை எடுக்க வைத்து, மன்னிப்புக் கடிதமும் கொடுத்தார்கள். மூடியைப் பற்றி அதற்கப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவதூறுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் அரசு ஊழியர் தன் பணியில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வது அவதூறு ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: பதவி சார்ந்த செயல்களை விமர்சித்ததற்காக அதிகாரி நஷ்டஈடு கேட்க முடியாது, உண்மையா பொய்யா என்று பார்க்கக்கூடக் கவலைப்படாமல் பொய்யை வெளியிட்டிருந்தால் மட்டும் கேட்கலாம். டீக்கடைத் தொகை விழுவது அங்கேதான். "மேற்பார்வை பார்த்தவர் கடமையில் தவறிவிட்டார்" என்றால் அது கருத்து. "காசு வாங்கினார்" என்றால் நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

ஆதாரம் வேண்டுமா? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். எம்-புக்கில் எழுதியிருக்கும் கனத்தையும் உங்கள் டேப் காட்டும் கனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சாதி, குடும்பம், உடம்பு

யாரை விமர்சித்தாலும் இந்த மூன்றையும் பேச்சில் தொடவே கூடாது.

பயந்துபோய் "சம்பந்தப்பட்டவர்கள்" என்பது

பதவியைச் சொல்லுங்கள், இடத்தைச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தில் பரவியபோது, மீனவர்கள் படகிலும் வலையிலும் ஒட்டியதைக் காட்டி, ஆலையின் பெயரைச் சொல்லியே பேசினார்கள்.

மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவது

ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.

"66ஏ-ல உள்ளே போடுவேன்" என்றால் நடுங்குவது

இணையத்தில் போடும் பதிவுகளுக்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. யார் மிரட்டினாலும் எழுத்தில் கேளுங்கள்.