பழைய கோம்பி வேனுக்கு முன் டிஸ்க் பிரேக்: எங்கே தவறு நடக்கிறது?

ஃபோக்ஸ்வாகன் கோம்பி வேனில் 1971 மாடலில்தான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வந்தது. அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என்றாவது டிஸ்க்குக்கு மாற்றும் ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் டிரம் (சுழலும் உருளையின் உள்பக்கத்தை ஷூ என்ற வளைந்த கட்டை அழுத்தும் பழைய பிரேக்) சரியாகப் பிடிக்கவில்லை என்ற கோபத்தில் மாற்றாதீர்கள். முன் டிரம் ஒவ்வொன்றிலும் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இரண்டு. பலர் ஒன்றை மட்டும் திருகிவிட்டு, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்து ஓட்டிப் பாருங்கள்.

சரி, மாற்றுவது என்றே முடிவு செய்துவிட்டால் வீலைக் கவனியுங்கள். பழசுக்கும் புதுசுக்கும் ஐந்து போல்ட்தான். ஆனால் 1970 மாடல் வரை போல்ட் வட்டத்தின் விட்டம் 205 மி.மீ., 1971 முதல் 112 மி.மீ. பிந்தைய வண்டியின் டிஸ்க்கை அப்படியே மாட்டினால் முன்னால் ஒரு வீல், பின்னால் வேறு வீல். ஒரு ஸ்டெப்னி போதாது. 205 மி.மீ. அளவிலேயே டிஸ்க் கிட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில். டிரம்முக்கான சிலிண்டரில், பெடலை விட்ட பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். டிரம்மில் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் பாதகமில்லை. டிஸ்க்கை இரு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் அந்த ஸ்பிரிங் கிடையாது. பழைய சிலிண்டரையே விட்டுவைத்தால் பேட், டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்; கொஞ்ச தூரத்திலேயே வீல் கொதிக்கும். பெடலை மிதித்து விட்டபின், ஜாக்கியில் தூக்கிய வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் முதல் சந்தேகம் இந்த வால்வின் மேல்தான். டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றிவிடுவதுதான் என் கட்சி.

பிரேக் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைப் பழசாகவே விடாதீர்கள். நான் கழற்றிய ஒன்று வெளியே பளபளவென்று இருந்தது. குறுக்கே வெட்டினால் உள்ளே வீங்கி, ஊசித் துளை அளவுதான் வழி. வேலை நடக்கும்போது காலிப்பரை ஹோஸில் தொங்கவிடவும் கூடாது, கம்பியால் கட்டிவையுங்கள். பிரேக் ஆயிலில் டாட் 4-ஐயும் சிலிக்கான் வகையான டாட் 5-ஐயும் கலக்கவே கூடாது.

அப்புறம், புது பேட் முதல் நாளே முழுசாகப் பிடிக்காது. ஆளில்லாத சாலையில், வண்டியை முழுதாக நிறுத்தாமல், மிதமான வேகத்திலிருந்து பல முறை குறைத்துக் குறைத்துப் பழக்குங்கள். நடுநடுவே டிஸ்க் ஆறட்டும்.