நினைவூட்டல் மெயில் எழுதுவது எப்படி? (நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையுடன்)

போர்ட் லூயிஸில் ஒரு சின்ன நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வரவேண்டிய பணத்தை வரவழைப்பதுதான் என் வேலை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இங்கே மொரீஷியஸில், மீதிப் பேர் பிரான்சுக்குச் சொந்தமான பக்கத்துத் தீவு ரெயூனியனில், ஓரிருவர் பாரிஸில். பில் ஆங்கிலத்தில் போகும், மெயில் பெரும்பாலும் பிரெஞ்சில் போகும், போனில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுவோம், மனசுக்குள் திட்டுவது மட்டும் தமிழில். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் மாதமே தடுமாறுவது இந்த நினைவூட்டல் மெயிலில்தான். நானும் தடுமாறினேன்.

1. எழுதும் முன் அவர்கள் எழுதியதைப் படியுங்கள்

இதில்தான் நான் விழுந்தேன். ரெயூனியன் வாடிக்கையாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை 'எவான்துயெல்மோன்' பணம் அனுப்பலாம் என்று எழுதியிருந்தார். ஆங்கில 'ஈவென்சுவலி' என் காதில் விழுந்தது. ஒருவழியாக வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டேன். வெள்ளி போனது, திங்களும் போனது. செவ்வாய்க்கிழமை, 'நீங்கள் வாக்குக் கொடுத்தபடி' என்று தொடங்கி ஒரு மெயில் தட்டினேன். 'நாங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு 'முடிந்தால்', 'ஒருவேளை' என்றுதான் பொருளாம். பக்கத்து மேசை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் முகம் வெளிறிப்போனது.

அன்றிலிருந்து 'நீங்கள் சொன்னீர்கள்' என்று நான் எழுதுவதில்லை. அவர்களுடைய வரியை அப்படியே எடுத்துப் போட்டு, 'இதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?' என்று கேட்பேன்.

நாள் கணக்கிலும் இதே ஆபத்து உண்டு. பிரெஞ்சில் 'எட்டு நாள்' என்றால் ஒரு வாரம், 'பதினைந்து நாள்' என்றால் இரண்டு வாரம். இன்று வெள்ளி என்றால் அடுத்த வெள்ளியை நம் வீட்டுப் பெரியவர்கள் எட்டாம் நாள் என்பார்கள் இல்லையா, அதே கணக்கு. விரலை விட்டு எண்ணினால் ஒரு நாள் தள்ளிப்போகும். அதனால் நீங்கள் எழுதும்போது கிழமையையும் தேதியையும் சேர்த்தே எழுதுங்கள்.

2. பழைய மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள்

புது மெயில் தொடங்கவேண்டாம். ஆனால் ரிப்ளை போட்டால் பழைய இணைப்பு கூடப் போகாது, பில்லை மறுபடி இணைக்கவேண்டும். மறந்தால், 'பில் எங்கே?' என்று ஒரு பதில் வரும், அதிலேயே இரண்டு நாள் ஓடிவிடும்.

தலைப்பில் 'ரெலான்ஸ்' என்று போடாதீர்கள். அலுவலகத்துக்குள் நாங்கள் இந்த வேலையை அப்படித்தான் சொல்வோம். ஆனால் அதைத் தலைப்பில் பார்த்தால் கடன்காரன் வாசலில் நிற்பது போல இருக்கும். பில் எண்ணும் தேதியும் போதும்.

3. மெயிலின் உடம்பு

தமிழில் தருகிறேன், வேண்டிய மொழியில் எழுதிக்கொள்ளுங்கள்.

'வணக்கம் அம்மா. மே 12 தேதியிட்ட பில் எண் 118-க்கான தொகை எங்கள் கணக்கில் இன்னும் வந்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தேதியை மட்டும் சொன்னால் போதும். இல்லையென்றால் ஜூன் 21, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா? பில்லை மறுபடி இணைத்திருக்கிறேன். நன்றி.'

இதில் முக்கியமானது 'எங்கள் பக்கம் தவறு இருந்தால்' என்ற வரி. பிரெஞ்சு வணிகக் கடிதங்களில் இதற்கென்றே 'சோஃப் எரெர் த நோத்ர் பார்' என்று ஒரு வாய்பாடு உண்டு. எதிராளி தலைகுனியாமல் பணம் கட்ட அது வழிவிடுகிறது. நாலில் ஒரு தடவை தவறு நிஜமாகவே நம் பக்கம்தான் இருக்கும் என்பது என் அனுபவம்.

'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்று மூன்று முறை எழுதுவது நம் பழக்கம். ஒன்றுகூட வேண்டாம் என்பேன். நம் பணத்தைத்தானே கேட்கிறோம்.

பிரெஞ்சில் எழுதினால் கடைசிவரை 'வூ'தான். போனில் அவரே 'த்யூ' என்று நெருங்கி வந்தாலும், மெயிலில் நம் 'நீங்கள்' மாறக்கூடாது.

4. எப்போது அனுப்புவது

செவ்வாய் அல்லது புதன் காலை. ரெயூனியனுக்கும் நமக்கும் ஒரே நேரம். பாரிஸ் நமக்குக் குளிர்காலத்தில் மூன்று மணி நேரம் பின்னால், கோடையில் இரண்டு (குளிர், கோடை எல்லாம் அவர்கள் கணக்கில்). விடுமுறைகளைப் பாருங்கள்: அடிமை ஒழிப்பு நாள் நமக்குப் பிப்ரவரி 1, ரெயூனியனில் டிசம்பர் 20. தைப்பூசக் காவடி அன்று இங்கே விடுமுறை, பாரிஸ்காரருக்கு அது தெரியாது. மே மாதம் பிரான்சில் யாரையும் பிடிக்க முடியாது.

ஜிமெயிலின் 'ஷெட்யூல் சென்ட்' எனக்குப் பிடித்த வசதி. ஆனால் அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள். 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை காலைக்கு ஒரு நினைவூட்டலைப் போட்டு வைத்திருந்தேன். அன்றுதான் பெலால் புயல். ரெயூனியனில் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாத ஊதா எச்சரிக்கை, போர்ட் லூயிஸ் தெருக்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போகிறது. என் மெயில் மட்டும் ஒன்பது மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் 'எல்லோரும் நலமா?' என்று இன்னொன்று அனுப்பவேண்டியதாயிற்று. வானிலை எச்சரிக்கை வந்தால் முதலில் ஷெட்யூலை ரத்து செய்யுங்கள்.

படித்தாரா என்று காட்டும் 'ரீட் ரிசீட்' வேண்டவே வேண்டாம். வேவு பார்க்கிறோம் என்று நினைப்பார்கள். எனக்கு ஒரு எக்ஸெல் தாளே போதும்: யாருக்கு, என்று, என்ன பதில்.

5. பதில் வராவிட்டால்

ஒரு வாரம் கழித்து இரண்டாவது மெயில், இன்னும் சுருக்கமாக. அதற்கும் பதில் இல்லையென்றால் போன். 'போன்ஸூர், கி மான்யேர்' (வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்) என்று கிரியோலில் தொடங்கினால் உள்ளூர்க்காரரிடம் பாதி வேலை முடிந்த மாதிரி. பேசி முடித்த கையோடு, பேசியதை இரண்டு வரியில் மெயிலாகவும் அனுப்பிவிடுங்கள்.

'மீஸ் ஆன் துமேர்' என்ற சொல்லைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அது சட்டப்படியான அறிவிப்பு. முதலாளியைக் கேட்காமல் அதை எழுதினால் விஷயம் வக்கீல் வரைக்கும் போகும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி கேட்டார்: 'வாடிக்கையாளர் ஆங்கிலத்தில் "வீ டிமாண்ட்" என்று எழுதுகிறார், நான் என்ன அவர் வீட்டு வேலைக்காரனா?' கோபம் வேண்டாம் தம்பி. பிரெஞ்சில் 'துமாந்தே' என்றால் 'கேட்பது', அவ்வளவுதான். அவர் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கேட்ட ரசீதை அனுப்பிவிடுங்கள்.